தொலைபேசிக் கூண்டும் ஆசிரியர் நாற்காலியும்

1965 ஆகஸ்ட் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டபோது, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் ஒரு கறுப்பின நிருபர்கூட இல்லை. வெள்ளை நிருபர்களால் அந்தத் தெருக்களுக்குள் கால்வைக்க முடியவில்லை. விளம்பரப் பிரிவில் கடைநிலை ஊழியராக இருந்த 24 வயது ராபர்ட் ரிச்சர்ட்சன் உள்ளே போனார். பொதுத் தொலைபேசிக் கூண்டுகளில் நின்று, கண்டதை அலுவலகத்துக்குச் சொன்னார். கலவரம் அடங்குவதற்குள் 34 பேர் மாண்டனர். அந்தச் செய்திகளுக்காக 1966-இல் நாளிதழுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ரிச்சர்ட்சன் பயிற்சி நிருபராக்கப்பட்டார். அந்த வேலையில் நீடிக்கவில்லை.

ஒதுக்கிவைத்த சமூகங்களிலிருந்து செய்தி அறைகள் ஆள் எடுத்த வரலாற்றை இந்தக் கூண்டிலிருந்து தொடங்குவது பொருந்தும். அந்த அறைகளுக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது உள்ளே போய்வரக்கூடிய ஆள்தான். எது செய்தி என்று முடிவெடுக்கும் ஆள் அல்ல. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

எழுதத் தெரிந்தவர்கள் கிடைக்கவில்லை என்ற சாக்கு அமெரிக்காவில் செல்லாது. கறுப்பினத்தவர் தாமே நடத்திய முதல் இதழான ஃப்ரீடம்ஸ் ஜர்னல் 1827-லேயே நியூயார்க்கில் வெளிவந்தது. ராபர்ட் அபட் 1905-இல் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டர் இதழைப் புல்மன் ரயில் பெட்டிகளின் பணியாளர்கள் தென் மாநிலங்களுக்குக் கொண்டுசேர்த்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே நடந்த பெரும் குடிப்பெயர்வுக்கு அந்த இதழ் ஒரு தூண்டுகோல். ஆக, இதழியல் மரபு இருந்தது; பெரிய நாளிதழ்களின் வாசல்தான் சாத்திக் கிடந்தது.

1967-இல் அமெரிக்க நகரங்களில் மூண்ட கலவரங்களைத் தொடர்ந்து அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், 1968-இல் வந்த தன் அறிக்கையில் ஓர் அத்தியாயத்தையே செய்தி ஊடகங்களுக்கு ஒதுக்கியது. ஆசிரியர் பிரிவு வேலைகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆசிரியர், மேற்பார்வையாளர் பொறுப்புகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனங்களில் இருந்தவர்கள். முதல் எண்ணைவிட இரண்டாவது எண்தான் முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் அறிக்கையைத் தொடர்ந்து வந்த முயற்சிகளில் வேகம் பிடித்தது நிருபர்களைச் சேர்க்கும் வேலைதான். அதே ஆண்டுக் கோடையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சிறுபான்மையினருக்கான விரைவுப் பயிற்சியைத் தொடங்கியது.

இந்தத் தலைமுறையின் இக்கட்டு முழுவதும் எர்ல் கால்ட்வெல் ஒருவரின் பணிவாழ்வில் அடங்கிவிடுகிறது. நியூயார்க் டைம்ஸ் நிருபரான அவர், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது மெம்பிஸ் நகரின் லோரெய்ன் மோட்டலில் இருந்த ஒரே நிருபர். பின்னர் மேற்குக் கரையில் பிளாக் பேந்தர் கட்சியைப் பற்றி எழுதினார். அவர்கள் அவரை நம்பிப் பேசினார்கள். அந்த நம்பிக்கையின் மீதே அரசு கண்வைத்தது. 1970-இல் பெருநடுவர் குழுமுன் சாட்சி சொல்ல அவருக்கு அழைப்பாணை வந்தது. உள்ளே போனால் மறுநாள் யாரும் தன்னிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால் போகவே மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 1972-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் எதிராகத் தீர்ப்பளித்தது. தன் மக்களிடம் போக முடிந்தவர் என்பதால் நாளிதழுக்கு வேண்டியவராக இருந்தவரை, அதே காரணத்துக்காக அரசும் தேடியது. இரண்டும் ஒன்றல்லதான். ஆனாலும் ஒரு தெருவைத் தூரத்திலிருந்து பார்க்கிற நிறுவனங்களுக்கு அங்கிருந்து வருகிற மனிதர் முதலில் ஒரு வழியாகத்தான் தெரிகிறார்.

ஆசிரியர் நாற்காலியைக் குறிவைத்தவர் ராபர்ட் மேனார்ட். 1977-இல் சிறுபான்மையினருக்கான இதழியல் பயிற்சி நிறுவனம் ஒன்றை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். 1979-இல் ஓக்லண்ட் டிரிப்யூனின் ஆசிரியரானார். 1983-இல் அதை விலைக்கே வாங்கினார். பொது வாசகர்களுக்கான ஒரு பெருநகர நாளிதழுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் உரிமையாளரானது அதுவே முதல் முறை.

மற்ற ஆசிரியர்கள் ஆட்களை எண்ணத் தொடங்கினார்கள். அமெரிக்க நாளிதழ் ஆசிரியர் சங்கம் 1978-இல் எடுத்த கணக்கில் செய்தி அறைகளில் சிறுபான்மையினர் சுமார் 4 சதவீதம். மக்கள்தொகைக்கு இணையான பங்கை 2000-க்குள் எட்டுவதாகச் சங்கம் உறுதி பூண்டது. எட்ட முடியாது என்று தெரிந்ததும், 1998-இல் கெடு 2025-க்குத் தள்ளிப்போனது. எண்ணுவது தண்டனையில்லாத கடமையாக இருந்தால் அது மெல்லத் தேய்ந்துவிடும்: 2018 கணக்கெடுப்புக்குப் பதில் அனுப்பியவை சுமார் 17 சதவீத நிறுவனங்களே.

இருந்தும் எண்ணும் பழக்கத்துக்கு முன்னதாகவே ஒரு பலன் டெல்லியில் கிடைத்தது. வாஷிங்டன் போஸ்ட்டின் அப்போதைய டெல்லி நிருபர் கென்னத் கூப்பர் கறுப்பினத்தவர். பாஸ்டன் குளோபில் இனவாதம் குறித்து எழுதி 1984-இல் புலிட்சர் பெற்ற குழுவில் இருந்தவர். 1996-இல் தலித் அரசியல் தலைவர் கன்ஷி ராமுக்கும் டெல்லிப் பத்திரிகையாளர்களுக்கும் மோதல் நேர்ந்தபோது, அதைப் பற்றி ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்தைக் கேட்க விரும்பினார். யாரைப் பார்க்கலாம் என்று மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் விசாரித்தார். தம் நீண்ட பணிக்காலத்தில் அப்படி ஒருவரைச் சந்தித்ததே இல்லை என்பது உனியாலுக்கு அப்போதுதான் உறைத்தது. அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்களின் பட்டியலை எடுத்தார். 686 பெயர்களில் 454 சாதிப் பெயரோடு இருந்தன. அவற்றில் ஒன்றும் தலித் பெயராகத் தெரியவில்லை. மீதியில் 47 பேரைத் தொலைபேசியில் விசாரித்தார். ஒருவரும் தலித் இல்லை. 1996 நவம்பரில் பயனியர் நாளிதழில் அதை எழுதினார்.

சென்னையிலிருந்து பார்த்தால் இந்தத் தேடல் விசித்திரமாகப்படுகிறது. தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893-இல். அயோத்திதாசர் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைக் கொண்டுவந்தார். அம்பேத்கரின் ‘மூக்நாயக்’ 1920-இல் வந்தது. நியூயார்க்கின் கதையேதான்: மரபு பழையது, வாசல் சாத்தியது.

உனியால் பார்த்தது நிருபர்களின் பட்டியலை. நாற்காலிகளை எண்ணியது 2006-இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் டெல்லியில் நடத்திய ஆய்வு. 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்த 315 பேரை அது எடுத்துக்கொண்டது. அவர்களில் 71 சதவீதம் உயர்சாதி இந்து ஆண்கள். தலித்தோ ஆதிவாசியோ ஒருவர்கூட இல்லை.