முடி நடுதலும் முடி இறக்குதலும்

1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அகஸ்டா மொண்டநாரியின் மெழுகுக் குழந்தைப் பொம்மைகள் பரிசுப் பதக்கம் பெற்றன. மெழுகுத் தலையில் முடியைச் சிறு கற்றைகளாகச் செருகியமையால் அவை மெய்க்குழந்தையை ஒத்திருந்தன. 1990களில் அமெரிக்காவில் தோன்றிய ‘ரீபார்ன்’ பொம்மைகளில் மெழுகின் இடத்தை வினைல் பெற்றது. முடி நடும் முறை நீடித்தது. அங்கோரா ஆட்டின் மென்மயிரை உச்சிச் சுழியில் தொடங்கி, இயற்கையாக முடி படியும் திசையில் ஊசியால் நடுவர்.

குழந்தைமுடிக்குத் தமிழ் வழக்கு தரும் பொருள் வேறு. பாலக்காடு, இடுக்கி எல்லையூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல, முதல் முடியைப் பழநி முருகனுக்குக் காணிக்கையாக இறக்குகின்றன. வணிகம் நாடுவது நீண்ட கூந்தலை. குழந்தையின் குறுமுடிக்கு அங்கே மதிப்பு மிகக் குறைவு. ஆயினும் பெற்றோருக்கு அதுவே நேர்த்திக்கடன். நட்ட முடி பொம்மையில் வளர்வதில்லை; இறக்கிய முடியோ சில வாரங்களில் மீண்டும் அரும்புகிறது. கலைஞரின் ஊசி எட்டாத எல்லை அதுவே.