சீரியல் செட்டும் அணில் பல்லும்

கார்த்திகை தீபம் முடிந்ததும் எங்கள் தர்மபுரிப் பக்கம் வாசல்களில் சீரியல் செட் தொங்க ஆரம்பித்துவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்ட வீட்டில் ஒரு வரிசை, கோவிலூர் பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள், தைப்பூசம் வந்தால் குமாரசாமிப்பேட்டை முருகன் கோவிலைச் சுற்றித் தெருவெல்லாம் விளக்கு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதி வரிசை எரியாது. வயரைத் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். வேப்பமரம் இருக்கும் வீடு என்றால் அணில். மாட்டுக்கொட்டகை ஓரம் என்றால் எலி. ஒகேனக்கல் பக்கமாக இருந்தால் குரங்கு கடித்ததோடு நிற்காமல் மொத்தத்தையும் இழுத்துக் கீழே போட்டிருக்கும்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதற்கு என்ன மருந்து என்று என்னிடம் கேட்கிறார்கள். கேள்வி சின்னதுதான். ஆனால் நம் நாட்டில் அதற்கு வயது 170 ஆண்டுகளுக்கும் மேல் ஆகிறது.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் புரூக் ஓஷானசி. மருத்துவர்தான், ஆனால் 1839-லேயே கல்கத்தாவில் தந்திக் கம்பி இழுத்துச் சோதனை செய்து பார்த்தவர். டல்ஹவுசி காலத்தில் கல்கத்தாவில் இருந்து டயமண்ட் ஹார்பர் வரை அவர் போட்ட தந்தி வழி 1851-ல் வேலை செய்யத் தொடங்கியது. ஐரோப்பாவில் மெல்லிய கம்பி போதும் என்று இருந்தார்கள். ஓஷானசி அதை ஏற்கவில்லை. நம் ஊர்ப் புயலை மட்டுமல்ல, கம்பியில் வரிசையாக உட்காரும் பருந்தையும் காக்கையையும், தொங்கி விளையாடும் குரங்கையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். அதனால் விரல் கனத்துக்கு நெருங்கிய இரும்புக் கம்பியையே மூங்கில் கம்பங்களின் மேல் போட்டார். குரங்கை விரட்ட அவர் ஆள் போடவில்லை. குரங்கு வரும் என்று வைத்துக்கொண்டு, வந்தாலும் தாங்குகிற கம்பியைப் போட்டார்.

பூமிக்கடியில் போன பகுதிக்கு அவர் செய்தது இன்னும் சுவாரசியம். இரும்புக் கம்பியின் மேல் உருக்கிய கீலில் தோய்த்த மெட்ராஸ் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, அதைக் கூரை ஓடுகளுக்குள் வைத்து, மணலும் குங்கிலியமும் சேர்த்து உருக்கி ஊற்றி மூடினார். பிளாஸ்டிக் இல்லாத காலம். நம் ஊர்த் துணி, நம் ஊர் ஓடு. இன்று நாம் பைப்புக்குள் வயர் விடுகிறோமே, அதுவும் ஏறக்குறைய இதே வேலைதான்.

கடலுக்கடியிலும் இதே தொல்லை இருந்தது. மலாய்க் காடுகளில் கிடைத்த கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலை மேலே பூசித்தான் அந்தக் காலத்துக் கடல் கேபிள்கள் போயின. வெப்பமண்டலக் கடல்களில் துளைபோடும் சிற்றுயிர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. பிறகு உள்ளே மெல்லிய பித்தளை நாடாவைச் சுற்றிய பின்னரே அந்தத் தொல்லை அடங்கியது.

இந்தப் பிராணிகள் ஏன்தான் கடிக்கின்றன? பசியால் அல்ல. எலிக்கும் அணிலுக்கும் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எலிக்கு ஆண்டுக்கு நான்கு அங்குலத்துக்கு மேல் வளரும். கடித்துக் கடித்துத் தேய்த்தால்தான் வாயை மூட முடியும். பல்லின் முன்பக்கம் மட்டும் கெட்டியான எனாமல், பின்பக்கம் மிருதுவானது. கடிக்கும்போது பின்பக்கம் தேய்ந்து முன்பக்கம் உளி போலக் கூராகிவிடும். சாணை பிடிக்கவே வேண்டாம். ராமர் முதுகில் தடவிக் கொடுத்த பிராணிதான், ஆனால் வாய்க்குள் இருப்பது உளி. குரங்கு கதை வேறு. அதற்குப் பல் வளரும் பிரச்சினை இல்லை. புதிதாக எது தொங்கினாலும் இழுத்துப் பார்க்கும் குணம்தான். 2015-ல் வாரணாசியில் கங்கைக்கரையில் போட்ட இணையக் கேபிள்களைக் குரங்குகள் கடித்துக் குதறியது செய்திகளில் வந்தது. அமெரிக்காவில் நாஸ்டாக் பங்குச் சந்தையே 1987-லும் 1994-லும் அணிலால் நின்றுபோனது உண்டு. நாம் ஒரு சீரியல் செட்டுக்காக வருத்தப்படுகிறோம்!

நான் வேலையில் சேர்ந்தபோது பழைய வீடுகளில் ரப்பர் பூசி, பஞ்சு நூல் பின்னிய வயர்தான் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடும். அணில் அந்த நூலைப் பிரித்துக் கூட்டுக்கு எடுத்துப் போனதைப் பார்த்திருக்கிறேன். பிறகு பி.வி.சி. வயர் வந்தது, சுவருக்குள் பைப் வந்தது. வீட்டுக்குள் பிரச்சினை குறைந்தது. வாசலில்தான் கூடியது.

அதற்குக் காரணம் நம் பழக்கம் மாறியதுதான் என்பது என் கணிப்பு. அந்தக் காலத்தில் திருவிழா என்றால் சவுக்குக் கம்பம் நட்டு, விளக்குக்காரர் வந்து பொழுது சாயும் நேரத்தில் கட்டுவார். சாமி ஊர்வலம் முடிந்தால் மறுநாள் காலையில் கழற்றிச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அணிலுக்கு அறிமுகம் ஆவதற்குக்கூட நேரம் கிடையாது. இன்று நூறு ரூபாய்க்குச் செட் கிடைக்கிறது. கார்த்திகையில் மாட்டியது பங்குனி வரை மரத்திலேயே கிடக்கிறது. வயரோ நூல் கனம்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பழைய செட்டில் ஆறு வோல்ட் பல்புகள் நாற்பது வரை ஒரே வரிசையாக இணைந்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் எல்லாமே அணைந்துவிடும், உடனே கழற்றிவிடுவோம். இப்போதைய எல்.இ.டி. செட்டுகள் பல பிரிவுகளாக எரிகின்றன. ஒரு பிரிவு அணைந்தாலும் மற்றவை எரியும், நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். அணைந்த பகுதியில் மின்சாரம் இல்லை என்று நினைக்கக் கூடாது. அறுந்த முனை வரை 230 வோல்ட் வந்து நிற்கலாம். ஈரத் தரை, இரும்பு கேட், வெறுங்காலில் ஓடும் குழந்தை என்று யோசித்துப் பாருங்கள். செட் போனால் நூறு ரூபாய். அந்தக் கடிபட்ட இடம்தான் எனக்குக் கவலை.

மருந்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிளகாய்த்தூள் கரைத்துத் தடவினால் அணில் இரண்டு நாள் வராது. ஒரு தூறல் போட்டால் தூளும் போய்விடும். மண்ணெண்ணெய் தடவவே தடவாதீர்கள். ரப்பரையும் பிளாஸ்டிக் உறையையும் அதுவே கெடுத்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. அந்துருண்டை திறந்த வெளியில் வீண். எலி மருந்து வைத்தால் செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும். எலியைப் பிடிக்க இருந்த ஆளையும் நாமே அனுப்பிவிட்ட கணக்கு.

எல்லாவற்றிலும் மோசமான யோசனை ஒன்று உண்டு. அதை என்னிடமே சிலர் சொன்னார்கள்: “பக்கத்திலேயே ஒரு வெறுங்கம்பியைக் கட்டிக் கரண்ட் விட்டால் குரங்கு வராது இல்லையா சார்?” கம்பியைப் பிராணியிடமிருந்து காப்பாற்ற ஆரம்பித்து, கம்பியையே ஆயுதமாக்குவதில் வந்து நிற்கிறோம். அதன் விளைவை நம் மாவட்டம் பார்த்தாயிற்று. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே விவசாய நிலத்தில் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. தப்பியவை இரண்டு குட்டிகள். அதே மாதம் கம்பைநல்லூர் அருகே ஏரிக்கரை மேட்டில் ஏறிய ஓர் ஆண் யானை, மேலே போன மின்கம்பியில் பட்டு விழுந்தது. முதலாவது மனிதன் வேண்டுமென்றே போட்ட கம்பி, இரண்டாவது மேட்டுக்கு மேலே சென்ற கம்பி. அந்த ஆண்டே தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. முறையான சூரிய மின்வேலி நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, ஒரு தட்டுத் தட்டிவிட்டு விடும். தொட்ட பிராணி விலகிக்கொள்ளலாம். வீட்டு மின்சாரம் அப்படி விடாது. தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். யானைக்கு நடந்தது இரவில் கொல்லைப்பக்கம் போகும் மனிதருக்கும் நடக்கும்.

சரி, பிறகு என்னதான் செய்வது? ஓஷானசி செய்ததைத்தான். எட்டாத இடம், கெட்டியான உறை. பிளக்கில் இருந்து மரம் அல்லது மாடி வரை போகும் நீளத்தை அரை அங்குல பி.வி.சி. பைப்புக்குள் விடுங்கள், எலி அதிகமாக இருந்தால் இரும்பு பிளெக்ஸிபிள் பைப். விளக்கு வரிசையைக் கிளையில் சுற்றாமல், சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய கயிற்றில் தொங்கவிடுங்கள். அணில் கிளையில் உட்கார்ந்துதான் நிதானமாகக் கொறிக்கும், ஆடும் கயிற்றில் அதற்கு அவ்வளவு வசதி இல்லை. குரங்கு வரும் ஊரில் கைக்கு எட்டும் உயரத்தில் எதையும் தொங்கவிடாமல், சுவரோடு ஒட்டிக் கட்டுவதே நல்லது. வாங்கும்போதே அடாப்டர் வைத்த, 24 வோல்ட் போலக் குறைந்த வோல்ட் செட்டாகக் கேளுங்கள். கொஞ்சம் விலை கூடும். ஆனால் கடித்தாலும் செட்தான் போகும். அடாப்டர் மட்டும் மழை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

வீட்டு மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் எலக்ட்ரீஷியன்கள் இன்னும் இ.எல்.சி.பி. என்றே சொல்வார்கள். மாட்டியிருந்தால் மட்டும் போதாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்தினால் படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

பண்டிகை முடிந்த மறுநாளே கழற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகு வயரை விரல்களுக்கு நடுவில் விட்டு முழு நீளமும் தடவிப் பாருங்கள். கடிபட்டிருந்தால் டேப் சுற்றி அடுத்த வருடத்துக்கு வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். நல்லதாக இருந்தால் அட்டைப் பெட்டியில் வைத்துப் பரணில் போடாதீர்கள், எலி அங்கேயும் வரும். மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டின் போதும்.