ஆடும் என்ஜினும் அடங்கிய என்ஜினும்

புனேவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. கார் லோன் ஃபைல்களில் கையெழுத்துப் போட்டே பழகிய எனக்கு, பானெட்டைத் திறந்தால் பேட்டரியைத் தவிர வேறெதுவும் தெரியாது. (பி.காம். படித்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்!) அப்படிப்பட்டவனை என்ஜின் சரித்திரம் எழுத வைத்தது மேல் வீட்டு மராட்டிப் பையன்.

பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, கார்புரேட்டர், எக்ஸாஸ்ட், சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஸ்போர்ட்ஸ் காராக்கி வைத்திருக்கிறான். போன மழைக்காலத்தில் தாம்ஹிணி காட் இறக்கத்தில் மூன்றாவது கியரில் வந்தபோது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறான். கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. எதிரே வளைவு, ஈரமான ரோடு. எப்படியோ பிரேக் காப்பாற்றியது.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "என்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சு போச்சு. என்ஜின் ஆடுது, ஆடும்போது கியரை இழுத்து விடுது" என்றாராம். பையன் உடனே முடிவு செய்துவிட்டான். "ரப்பரே வேண்டாம் காகா. இரும்பிலே மவுண்டிங் பண்ணி போல்ட் போட்டு இறுக்கிடறேன்." அவன் அம்மா கவலையோடு என்னைப் பார்த்தார். விஷயம் தெரியாமல் எப்படி ஆலோசனை சொல்வது? நாலு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

முதலில், என்ஜின் ஏன் ஆடுகிறது? வீட்டு மிக்ஸியை ஆன் செய்தால் ஒரு உதறு உதறி நிற்கிறதல்லவா? உள்ளே மோட்டார் ஒரு பக்கம் சுற்ற, மிக்ஸி மறுபக்கம் திரும்பப் பார்க்கிறது. அந்த உதறலை வாங்கிக்கொள்ளத்தான் அடியில் ரப்பர் பாதம். கார் என்ஜினும் அதே கதைதான். நாலு சிலிண்டர் என்ஜினில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதில் முழுதாகச் சமன் ஆகாத ஒரு அதிர்வு எப்போதும் மிச்சம் இருக்கும்.

இந்த அதிர்வுக்குப் பெரிய தீர்வு கொண்டு வந்தது அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம். 1931ல் வந்த பிளைமவுத் பிஏ காருக்கு 'ஃப்ளோட்டிங் பவர்' என்று விளம்பரம் செய்தார்கள். மிதக்கும் சக்தி! என்ஜினை முன்பக்கம் உயரத்தில் ஓரிடம், பின்பக்கம் தாழ்வாக ஓரிடம் என்று ரப்பரில் தாங்க வைத்தார்கள். இரண்டையும் இணைக்கும் கோடு என்ஜினின் எடை மையத்தின் வழியே போகும். அதனால் என்ஜின் தன் போக்கில் ஆடிக்கொள்ளும், ஆட்டம் சீட்டுக்கு வராது. பிரான்சில் சிட்ரோயன் 1932ல் இதற்கு உரிமம் வாங்கி, கார் முகப்பில் நீந்தும் அன்னப்பறவைச் சின்னத்தையே வைத்துவிட்டது.

ஆனால் எல்லோரும் அன்னத்தைத்தான் பார்த்தார்கள். பிளைமவுத் என்ஜினின் பக்கவாட்டில் ஒரு பட்டை ஸ்பிரிங்கும் இருந்தது. என்ஜின் ஒரு அளவுக்கு மேல் ஆடாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. ஆட விட்டவர்களே ஆட்டத்துக்கு எல்லையும் போட்டிருக்கிறார்கள்!

அடுத்து இங்கிலாந்து. 1959ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி வந்தது. இடம் மிச்சம் பிடிக்க என்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துவிட்டார். இதில் ஒரு விலை உண்டு. பின்சக்கரத்தை ஓட்டும் பழைய கார்களில் கடைசிக் கட்ட முறுக்குவிசையின் எதிர்வினையைப் பின் ஆக்ஸில் வாங்கிக்கொள்ளும். மினியில் அதுவும் என்ஜின் மவுண்டிங் தலையில். முதல் கியரில் என்ஜின் தரும் முறுக்கைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்! அதனால் என்ஜினின் மேல்பகுதியிலிருந்து பின்னால் உள்ள தடுப்புச் சுவருக்கு ஒரு கம்பி போட்டார்கள். இருமுனையிலும் ரப்பர் புஷ். பெயர் 'ஸ்டெடி பார்'. 848 சிசியில் 34 குதிரைசக்தியாக இருந்த வண்டி, 1961ல் கூப்பர் ஆனபோது 55 ஆனது. 1964, 1965, 1967 மான்டி கார்லோ ராலிகளை மினிதான் வென்றது. சக்தி கூடக் கூட அந்தச் சின்ன புஷ்கள் நொறுங்கின. மினியை மாற்றியமைப்பவர்கள் கெட்டியான புஷ் போட்டு, கீழேயும் ஒரு ஸ்டெடி பார் சேர்ப்பது இன்றுவரை வழக்கம்.

நம்ம பையன் சொல்லும் இரும்பு வழியும் சரித்திரத்தில் உண்டு. 1967ல் காலின் சாப்மனின் லோட்டஸ் 49 ரேஸ் கார். காஸ்வொர்த் டிஎஃப்வி என்ஜினை நேராக உடலின் பின்னால் போல்ட் போட்டார்கள். என்ஜினே காரின் பின்பாதி! முதல் பந்தயத்திலேயே ஹாலந்தின் ஜண்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க் ஜெயித்தார். ஆனால் ஒன்று: அந்த என்ஜினும் காரும் ஒன்றுக்காக ஒன்று வடிவமைக்கப்பட்டவை. அந்த அதிர்வை ஓட்டுநர் ஒரு பந்தய நேரம் பொறுத்துக்கொண்டால் போதும். காய்கறி வாங்கப் போகும் கார் அல்ல அது.

2009ல் போர்ஷே தன் 911 ஜிடி3 காருக்குக் கொடுத்த மவுண்டிங், இந்த இரண்டு வழியையும் ஒன்றாக்கியது. உள்ளே ஒரு திரவம், காந்தப்புலம் பட்டால் இறுகும். சாதாரணமாகப் போனால் மென்மை, வளைவில் விரட்டினால் இறுக்கம்.

படித்து முடித்ததும் எனக்குப் பட்டது இதுதான். எங்கள் வங்கியில் கணக்குப் புரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைப்போம். அந்தக் கணக்கை மூடிவிட்டால் தொகை மறைந்துவிடுமா? வேறெங்கோ போய் நிற்கும். ரப்பரும் அப்படித்தான். அதை எடுத்துவிட்டு இரும்பு வைத்தால் அதிர்வு பிராக்கெட்டுக்குப் போகும், வெல்டிங்குக்குப் போகும், ஒருநாள் அங்கே விரிசல் விடும். அது கியர் நழுவுவதைவிட மோசம்.

பையனிடம் சொன்னேன். "தம்பி, அடைக்காதே, அளவு வை." கொஞ்சம் முறைத்தான். பிறகு புது ரப்பர் மவுண்டிங், கொஞ்சம் கெட்டியான புஷ், கூடுதலாக ஒரு ஸ்டெடி பார் என்று போட்டுக்கொண்டான்.

சென்ற ஞாயிறு அதே காட்டில் பக்கத்து சீட்டில் என்னை உட்கார வைத்துக்கொண்டு இறங்கினான். மூன்றாவது கியர் மூன்றிலேயே இருந்தது. டாஷ்போர்டு மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கடகடத்தது. அவன் அம்மா அதைப் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் :-)