பெயர் எழுதப்படாத நிழற்படங்கள்



நாற்பதைக் கடந்த பிறகு எனக்கு ஒரு புதிய பித்துப் பிடித்திருக்கிறது. வீட்டார் அப்படித்தான் சொல்கின்றனர். சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் பழைய நிழற்படக் கருவி ஒன்றை விலைக்கு வாங்கினேன். அன்று முதல் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் நீராவி, சபைகூடலில் கொட்டாவி விடும் முதலாம் ஆண்டு மாணவன், மழை நின்ற பின் திடலில் தேங்கிய நீர் என்று எதையும் விட்டு வைப்பதில்லை. பத்தில் எட்டுப் படங்கள் ஆடிப்போய்த்தான் வருகின்றன. அதைப் பற்றி வருத்தமில்லை. பயிற்சிக் கழகத்தில் நான் எழுதிய முதல் நாள் பாடத்திட்டமும் அப்படித்தான் இருந்தது.

இதை எழுதத் தூண்டியது நான் எடுத்த படமன்று. பள்ளி அலமாரியைத் துப்புரவு செய்தபோது கிடைத்த ஒரு பழைய வகுப்புப் படம். கனத்த அட்டையில் ஒட்டப்பட்டது. முப்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். நடுவில் அமர்ந்திருக்கும் சிறுவனின் கையிலுள்ள பலகையில் 1964 என்று எழுதியிருக்கிறது. திருப்பிப் பார்த்தேன். படமெடுத்த ஸ்டூடியோவின் முத்திரை தெளிவாக இருந்தது. பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம் நாட்டில் நிழற்படக் கலை வளர்ந்த கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1839ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் தகேர் என்பவரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1844இல், ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சு அதிகாரி சிங்கப்பூரைப் படமெடுத்துவிட்டார். அந்நாள் பயண வேகத்தை எண்ணிப் பார்த்தால் இது வியப்பளிக்கிறது. ஆனால், என்னை நிறுத்தி வைத்த செய்தி அதற்குப் பின் நடந்தது.

ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862இல் இவ்வட்டாரத்திற்கு வந்தார். பின்னாளில் கம்போடியாவின் அங்கோர் கோயிலையும் சீனத்தையும் படமெடுத்துப் புகழ் பெற்றவர் இவரே. பினாங்கிலும் எதிர்க்கரையிலிருந்த வெல்லெஸ்லி மாநிலத்திலும் அவர் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். 1875இல் வெளியிட்ட தம் பயண நூலில் அக்காலத்தை நினைவுகூரும் அவர், படங்களை அச்சிடவும் உதவியாகவும் சென்னைப் பக்கத்து ஆட்கள் இருவரைப் பழக்கியதாகக் குறிப்பிடுகிறார். சீனர்கள் இதைப் பேய்வேலை என்று அஞ்சி ஒதுங்கினராம்.

அந்த இருவரும் செய்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் படச்சுருள் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்ற பசைநீர்மத்தை ஊற்றிப் பரப்பி, சில்வர் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறையில் கழுவி முடிக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் தாங்கும்? அச்சிடுவதற்கோ முட்டை வெண்கரு பூசிய தாள். அதையும் சில்வர் நைட்ரேட்டில் நனைத்து உலர்த்தி, கண்ணாடித் தகட்டின் அடியில் வைத்து வெயிலில் காட்ட வேண்டும். போதிய அளவு கறுத்ததும் எடுத்து ஹைப்போ கரைசலில் இட்டு நிலைநிறுத்த வேண்டும். சற்றுப் பொறுத்தால் படம் கருகிவிடும். சற்று முந்தினால் வெளிறிவிடும். கடிகாரம் பார்த்துச் செய்யும் வேலையன்று, கண் பார்த்துச் செய்யும் வேலை. சில்வர் நைட்ரேட் பட்ட விரல்கள் கறுத்துப் போகும். சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது.

பினாங்கில் அந்தத் தாள்களை வெயிலில் வைத்துக் காத்திருந்தவை சென்னைக் கடற்கரையிலிருந்து வந்த கைகள். தாம்சனின் பெயரில் கண்காட்சிகள் உண்டு. அவ்விருவரின் பெயர் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

1867இல் சிங்கப்பூரில் லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் நிழற்பட நிலையம் ஒன்றைத் திறந்தார். அந்நிறுவனத்திடம் ஏறக்குறைய 3,000 காட்சிகள் விற்பனைக்கு இருந்ததாக 1908இல் வெளிவந்த நூலொன்று கூறுகிறது. துறைமுகம், ஈயச் சுரங்கம், அரண்மனை ஆகியவற்றுடன் நம்மவர் முகங்களும் அக்காலத்தில் விற்பனைப் பொருள்களாயின. சுல்தானின் படத்தின் கீழ் சுல்தானின் பெயர் இருக்கும். ஆளுநரின் படத்தின் கீழ் ஆளுநரின் பெயர் இருக்கும். நம்மவர் படத்தின் கீழோ, 'தமிழ்ப் பெண்', 'கிளிங் நாவிதன்' என்றவாறு இனமும் தொழிலும் மட்டுமே. அவ்வஞ்சலட்டைகளை இன்று சேகரிப்பாளர்கள் நல்ல விலைக்கு வாங்குகின்றனர். அந்தப் பெண்ணை யாரும் பெயர் கேட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1900இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் பிரௌனி என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. எவரும் படமெடுக்கலாம் என்ற நிலை அங்கே பிறந்துவிட்டது. இங்கே 1920களின் இறுதியில்கூட தோட்டத்தில் ஓர் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கேமரா துரை வீட்டுப் பொருளாக இருந்ததில் வியப்பென்ன!

நம்மவர் பெருந்திரளாகக் கேமராவின் முன் நின்றதற்குக் காரணம் மகிழ்ச்சியன்று, சட்டம். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டையைப் பெற வேண்டும் என்ற விதி வந்தது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்ததும் உண்டு. அட்டை இருந்தால் ஒருவர் மிரட்டுவார், இல்லாவிட்டால் மற்றவர் பிடிப்பார்.

என் பாட்டி வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்ததுதான். அவர் இறந்த பின் அதைப் பட்டணத்து ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினர். அங்கே வண்ணம் தீட்டியவர் தம் விருப்பப்படி காதில் தோடும் சேலைக்குச் சரிகைக் கரையும் வரைந்துவிட்டார். பாட்டிக்குத் தோடு இருந்ததே இல்லை என்று அப்பா சொல்வார். நாங்கள் அந்தத் தோட்டுடன் தான் அவரை வணங்கி வருகிறோம். ஆனாலும், அந்த அட்டையில் அவர் பெயர் இருந்தது. எழுத்துப்பிழையோடு இருந்தது, ஆனால் இருந்தது.

இனி 1964ஆம் ஆண்டு வகுப்புப் படத்திற்கு வருகிறேன். அதை என் கருவியால் படியெடுத்துப் பெரிதாக அச்சிட்டேன். என் மாணவி ஒருத்தியின் பாட்டி இப்பள்ளியில் படித்தவர் என்று அறிந்து, சென்ற ஞாயிறு அவர் இல்லம் சென்றேன். "இருங்க வாத்தியாரே, கண்ணாடி எடுத்துக்கிட்டு வாறேன்" என்று உள்ளே போனவர், திரும்பி வந்து படத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு இரண்டாம் வரிசையில் விரலை வைத்தார். "இது நானு." அடுத்த விரல் பக்கத்துச் சிறுவன் மீது. "இந்தச் சட்டை அவன் அண்ணனோடது. படம் பிடிக்கிறதுக்குன்னு போட்டுக்கிட்டு வந்தான். பாருங்க, கை தெரியாது."

உண்மைதான். அத்தனை நாள் பார்த்த எனக்கு, அச்சிறுவனின் கைகள் சட்டைக்குள் மறைந்திருப்பது தெரியவில்லை.

பதினொரு பெயர்கள் கிடைத்தன. நான்கு பேர் இப்போது இல்லை என்றார். குடும்பத்தாரின் இசைவு பெறாததால் அப்பெயர்களை இங்கு எழுதவில்லை; அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். மை ஊறி முன்பக்கம் கெட்டுவிடும் என்பதால் பென்சில்தான் நல்லது. இன்னும் இருபத்தொரு பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் இருக்கின்றனர். மற்றொரு தோட்டத்தில் வாக்கப்பட்ட தம் தோழிக்குப் பாட்டி தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு அங்கே செல்கிறோம்.