மேல் எண்ணும் கீழ் எண்ணும்: பெருந்தமனியின் முதுமையைக் காண முயன்றோர் வரலாறு



அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கும் இல்லத்தில் இரத்த அழுத்தக் குறிப்பேடு ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். கிளினிக்கில் தாதி அதில் எழுதித் தரும் எண்கள் 165/70 என்பதுபோல் அமைவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். "மேல் எண்தான் சற்றுக் கூடியிருக்கிறது, கீழ் எண் நன்றாகவே உள்ளது, வயதானால் அப்படித்தான்" என்று பிள்ளைகள் தம்மைத் தேற்றிக்கொள்வதும் வழக்கம். இந்த ஆறுதல் நம் வீடுகளில் தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மருத்துவர்களே இவ்வாறு நம்பினர். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். பள்ளியில் அறிவியல் நடத்துபவள். இந்நம்பிக்கை எவ்வாறு வேரூன்றியது, எவ்வாறு கலைந்தது என்று தேடிப் படித்தபோது கிடைத்த வரலாறு மிகவும் சுவையாக இருந்தமையால் இங்கே எழுதுகிறேன்.

இதயத்தின் இடக் கீழறையிலிருந்து புறப்பட்டு, கைப்பிடிபோல் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கும் பெருங்குழாயே பெருந்தமனி. உடலின் பெரும்பாலான தமனிகளுக்கு அதுவே தாய். அதனுள் இருக்கும் அழுத்தத்தை அறிய விரும்பியவர்களுக்கு நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது: உடலைக் கிழித்துக் குழாய் செருகுவது. லண்டனை அடுத்த டெடிங்டனில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் அதைத்தான் செய்தார். பெண்குதிரை ஒன்றை மல்லாத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர்ந்து நின்றது. நம் வகுப்பறைக் கதவைவிட உயரம். 1733இல் இதை நூலாக வெளியிட்டார். படிக்கும்போது குதிரைக்காக மனம் நோகத்தான் செய்கிறது.

ஆயினும் ஹேல்ஸ் ஒன்றைக் கூர்ந்து கண்டார். இதயம் விட்டுவிட்டுத் துடிக்கிறது. நுண்குழாய்களிலோ இரத்தம் விடாமல் ஓடுகிறது. இஃது எவ்வாறு? அக்காலத் தீயணைப்புப் பொறிகளில் கையால் அழுத்தும் பம்பின்மேல் காற்று அடைத்த குமிழ் ஒன்று இருக்கும். ஒவ்வோர் அழுத்தலின்போதும் அக்காற்று சுருங்கிப் பின் விரிவதால், நீர் இடைவிடாமல் பீய்ச்சும். பெருந்தமனியின் நெகிழ்வான சுவர் அதே வேலையைச் செய்கிறது என்றார் ஹேல்ஸ். இதயம் சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து இரத்தத்தில் ஒரு பகுதியைத் தேக்கி வைக்கிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது தானே சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. 1899இல் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பிராங்க் இக்கருத்துக்குக் கணித வடிவம் கொடுத்தார்.

மேல் எண், கீழ் எண் இரண்டின் பொருளும் இங்கேயே அடங்கியிருக்கிறது. சுவர் நெகிழ்ந்து கொடுத்தால் உச்ச அழுத்தம் மிகையாக ஏறாது. தேக்கிய இரத்தம் ஓய்வு வேளையில் வெளிவருவதால் கீழ் அழுத்தமும் மிகையாக இறங்காது. சுவர் விறைத்துவிட்டாலோ மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். ஆகவே பெரியவர் ஒருவரின் கீழ் எண் தாழ்ந்திருப்பது எப்பொழுதும் நற்செய்தியாகாது.

இதை விலங்கில் அன்றி உயிருள்ள மனிதரிடம், அதுவும் கத்தியின்றிக் காண முயன்றவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் பிரெடரிக் அக்பர் மகோமெட். பெயரே கதை சொல்லும். பாட்னாவில் 1759இல் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி, 1810இல் லண்டனில் இந்திய உணவகம் நடத்தி, பின்னர் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலகம் அமைத்துப் புகழ்பெற்ற சேக் தீன் முகம்மதுவின் பேரர் இவர். 1849இல் பிறந்தவர். லண்டனின் கய்ஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோதே நாடி வரைவியில் ஈடுபாடு கொண்டார். மணிக்கட்டு நாடியின்மேல் ஒரு நெம்புகோலை வைத்து, அதன் ஏற்றத்தாழ்வைப் புகை பூசிய தாளில் வரைய வைக்கும் கருவி அது. பிரெஞ்சு அறிஞர் மாரே 1860இல் செம்மைப்படுத்தியது. மகோமெட் அதில் மேலும் திருத்தம் செய்து, நாடியை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்பதையும் அளக்கும்படி ஆக்கி, 1872இல் அதைப் பற்றி எழுதினார்.

அவர் தாளில் கண்டவை அலைகள். இளைஞரின் அலை ஒரு வடிவம். முதியவரின் அலை வேறு வடிவம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கே நாடி இறுகும் என்று கருதப்பட்ட காலத்தில், சிறுநீரகம் நலமாக உள்ளவர்களிடமும் அவ்விறுக்கத்தை அவர் கண்டு கூறினார். இன்று கோடிக்கணக்கானோர் மருந்து உண்ணும் உயர் இரத்த அழுத்தத்தை அதற்கென ஒரு பெயர் நிலைபெறுவதற்கு முன்பே வரைந்து காட்டியவர் அவர். 1884இல் குடற்காய்ச்சலால் மறைந்தார், அகவை 35.

அவருடைய பணி மங்கியதற்கு அவருடைய இளவயது மறைவு மட்டும் காரணம் அன்று. 1896இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி கையில் சுற்றும் காற்றுப்பட்டையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காவ், அப்பட்டைக்குக் கீழே செவிக்குழாயை வைத்துக் கேட்டால் ஒலி தோன்றும் கணமும் மறையும் கணமும் இரு எண்களைத் தரும் என்று காட்டினார். எளிமையான, மலிவான, எவரும் கற்கக்கூடிய முறை. நாடி வரைவி அலமாரிக்குள் சென்றது. எண் வந்தது, அலையின் வடிவம் போயிற்று. ஒரு மாணவனின் கட்டுரையைப் படிக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது போன்றதுதான் இது. மதிப்பெண் பொய்யன்று, ஆனால் அது எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

அவ்விரு எண்களிலும் கீழ் எண்ணுக்கே மருத்துவர்கள் முதன்மை கொடுத்தனர். மேல் எண் இதயத்தின் வலிமையைக் காட்டுவது, வயதுக்கேற்ப ஏறுவது இயல்பு, "நூறுடன் வயதைக் கூட்டிக்கொள்" என்றெல்லாம் சொல்லப்பட்டது. அமெரிக்காவின் பிராமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, மேல் எண்ணும் அதே அளவுக்கு ஆபத்தானது என்று 1971இலேயே எடுத்துக்காட்டியது. எனினும் 1991இல்தான் ஐயம் தீர்ந்தது. மேல் எண் மட்டும் உயர்ந்திருந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேரிடம் நடத்திய ஆய்வில், மருந்து பெற்றோருக்குப் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்திருந்தது. அம்மருந்தோ விலை உயர்ந்ததன்று. சிறுநீரைப் பெருக்கும் பழைய மாத்திரையே. அதற்கு முந்தைய ஆண்டுகளில் "வயதானால் அப்படித்தான்" என்ற சொல்லைக் கேட்டு வீடு திரும்பிய முதியோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது.

இனி படக்கருவிகளின் பக்கம் வருவோம். அதற்கு முன் 1922ஆம் ஆண்டைத் தொட்டுச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் பிராம்வெல், ஹில் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் நாடியலையின் வேகத்தை அளந்து வெளியிட்டனர். தாம்புக்கயிற்றின் ஒரு முனையை உதறினால் ஓர் அலை ஓடும் அல்லவா? கயிறு தளர்ந்திருந்தால் அலை மெதுவாகவும், இறுக்கிக் கட்டியிருந்தால் விரைவாகவும் ஓடும். தமனியும் அவ்வாறே: சுவர் விறைக்க விறைக்க அலை விரைவாக ஓடும். இரத்தம் ஓடும் வேகம் வேறு, இவ்வலையின் வேகம் வேறு. ஐந்து வயதில் வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டராக இருந்த அலைவேகம், 84 வயதில் 8.5 மீட்டர் அளவுக்கு உயர்ந்திருந்ததை அவர்கள் கண்டனர். அவர்கள் எழுதிய சமன்பாடு இன்னும் வியப்பானது. ஒரு தமனியில் அலைவேகம் எவ்வளவு, ஒவ்வொரு துடிப்பிலும் அதன் குறுக்குப்பரப்பு எத்தனை விழுக்காடு விரிகிறது என்னும் இரண்டையும் அறிந்தால், அங்கே அழுத்தம் எவ்வளவு ஏறியிறங்குகிறது என்பதைக் கணக்கிடலாம். குழாய் செருக வேண்டியதில்லை. ஆனால் உயிருள்ளவரின் பெருந்தமனி விரிவதை 1922இல் யார் பார்ப்பது? சமன்பாடு காத்திருந்தது.

எக்ஸ்-கதிர் 1895இலேயே வந்துவிட்டது. அதன் துணைகொண்டு 1929இல் ஜெர்மனியின் போர்ஸ்மான் தம் கைச்சிரை வழியே தம் இதயத்துக்குள்ளேயே மெல்லிய குழாயைச் செலுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அத்துணிவின் வழியே பிற்காலத்தில் பெருந்தமனிக்குள் நேரே அழுத்தம் அளக்க முடிந்தது. எனினும் நலமுள்ள மனிதர் பலருக்கு அப்படிச் செய்ய இயலாது. 1953இல் சுவீடனில் எட்லரும் ஹெர்ட்சும் உலோகத்தின் விரிசலைக் கண்டறியும் மீயொலிக் கருவியைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். ஆனால் நுரையீரலில் உள்ள காற்று மீயொலியைத் தடுத்துவிடுவதால், மார்புக்குள் வளைந்து செல்லும் பெருந்தமனியை முழுமையாகக் காண அதனால் எளிதில் இயலவில்லை.

1973இல் லாட்டர்பர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்ததே நாம் எம்.ஆர்.ஐ. என்று சொல்லும் காந்தப் படக்கருவி. 1980களில் அதற்கு ஒரு புதுத்திறன் வாய்த்தது. காந்தப்புலத்தை இடத்துக்கிடம் மாற்றி அமைத்தால், ஓடும் இரத்தத்திலிருந்து வரும் குறிகை, அது ஓடும் வேகத்துக்கேற்பச் சற்று விலகி வரும். அவ்விலகலை அளந்தால் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் இரத்தத்தின் வேகம் தெரியும். இதயத் துடிப்போடு இசைய அடுத்தடுத்துப் படம் எடுக்கும்போது பெருந்தமனி விரிவதும் சுருங்குவதும் கண்முன் தெரியும். மேலேறும் பகுதியில் அலை எப்போது தோன்றியது, கீழிறங்கும் பகுதிக்கு எப்போது வந்தது, இடையே எவ்வளவு தொலைவு என்று மூன்றையும் ஒரே அமர்வில் பெறலாம்.

தொலைவு என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். அதற்கு முன்பு அதை உடலின் மேல் அளவுநாடா வைத்தே அளந்தனர். ஆனால் வயதாக ஆகப் பெருந்தமனி நீண்டு, நெளிந்து, அகன்றுவிடுகிறது. தோலின்மேல் நேர்கோட்டில் ஓடும் நாடாவுக்கு உள்ளே நேர்ந்த நெளிவு தெரியாது, படத்துக்குத் தெரியும்.

லண்டனில் மொஹியாதின் குழுவினர் 1989இலும் 1993இலும் இம்முறையில் செய்த ஆய்வுகள், பெருந்தமனியின் நெகிழ்வு வயதோடு குறைவதையும் அலைவேகம் ஏறுவதையும் காட்டின. முதல் ஆய்வில் பயிற்சி பெற்ற விளையாட்டாளர்களின் பெருந்தமனி அதே வயதினரைவிடக் கூடுதலாக நெகிழ்ந்தது. இதயத் தமனி நோயுற்றோருக்குக் குறைவாக நெகிழ்ந்தது. 2010இல் வந்த மற்றோர் ஆய்வு, ஐம்பது வயதுக்கு முன்பே இதயத்தை ஒட்டிய மேலேறும் பகுதி நெகிழ்வை இழக்கத் தொடங்குவதைக் கண்டது. கைப்பட்டையின் எண்கள் அப்போது அமைதியாகவே இருக்கும். இளவயதில் பெருந்தமனியில் உள்ளதைவிடக் கையில் மேல் எண் கூடுதலாகப் பதிவாகும். முதுமையில் அவ்வேறுபாடு சுருங்கும். எனவே பெருந்தமனியில் ஏறிய அளவு கையில் ஏறியதாகத் தெரியாது.

ஏன் இப்பகுதி முதலில் தேய்கிறது? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஆண்டுக்கு 3 கோடியே 67 இலட்சம். அறுபது வயதில் 220 கோடி. ஒவ்வொரு துடிப்பிலும் அச்சுவர் விரிந்து சுருங்குகிறது. அதற்கு நெகிழ்வைத் தரும் எலாஸ்டின் என்னும் இழைகளைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடல் பெரிதும் உருவாக்குகிறது. பின்னர்ப் புதுப்பிப்பது மிகச் சிறிது. இழை அறுந்தபின் விறைப்பான கொலாஜன் சுமையை ஏற்கிறது. பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோது உருவான இழைகளைக் கொண்டுதான் பாட்டியும் தாத்தாவும் இன்றும் காலம் தள்ளுகின்றனர்.

எம்.ஆர்.ஐ. படம் செலவு மிகுந்தது. நடைமுறையில் இவ்வளவீடு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திற்குரியது. எளிய வழி தேடியவர்களும் உண்டு. 2011இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றும் இணைந்து, மணிக்கட்டு நாடியின் அலையிலிருந்து பெருந்தமனி அழுத்தத்தைக் கணிக்கும் முறையை வெளியிட்டன. மகோமெட் தம் நெம்புகோலை வைத்ததும் மணிக்கட்டில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படக்கருவி விரிவையும் வேகத்தையும் நேரே காண்கிறது, அழுத்தத்தைக் காண்பதில்லை. 1922இன் சமன்பாட்டைக் கொண்டு அழுத்தம் எவ்வளவு ஏறியிறங்குகிறது என்று கணக்கிடலாம். எந்த அளவிலிருந்து ஏறுகிறது என்பதை அது சொல்லாது. ஆகவே அவ்வளவு பெரிய காந்தத்தினுள் படுத்திருப்பவரின் கையிலும் ரீவா-ரோச்சியின் பட்டை சுற்றப்பட்டிருக்கிறது.