“வீட்ல கேட்டுச் சொல்றேன்”: மனை விற்பவர் சொல்லும் பதிலுக்கு ஒரு வரலாறு

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். 2006 தேர்தல் வரை இது ஒரு தனித்தொகுதியின் பெயர். அந்தத் தேர்தலில் இங்கே வென்ற தமிழரசி ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானார். இங்கிருந்து கப்பலூர் வரை நான்குவழிச்சாலை வந்தபின் சாலையோரத்து வயல்களில் மனைக்கல் முளைத்தது. நம் பிள்ளைகளில் சிலர் அரசு வேலை, வங்கிக் கடன் என்று வந்து மூன்று சென்ட், நான்கு சென்ட் இடம் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும், பல தரகர்களின் முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. “தம்பிக்கு எந்தத் தெரு?”

அதற்குப் பதில் சொன்ன பிறகு வருகிற மறுப்பில் ‘சாதி’ என்ற சொல்லே இருக்காது. “நேத்துத்தான் வேற ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டோம்.” “தம்பி வெளிநாட்டுல இருக்கான், அவன் கையெழுத்துப் போடணும்.” “வீட்ல கேட்டுச் சொல்றேன்.” அல்லது சென்ட் விலை ஒரே ராத்திரியில் இரண்டு மடங்காகும். விற்பவர் தன் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுக்கிறார், அவ்வளவுதானே என்று தோன்றும். தோழர்களே, இந்த ‘விருப்பம்’ ஒரு காலத்தில் எழுதப்பட்ட அரசு விதியாகவே இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் தரிசு நிலம் வேண்டுமென்றால் அரசுக்குத் தர்க்காஸ்து மனு போட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பறையர் மனு போட்டால் அதற்கு முன் மிராசுதாரிடம் கேட்பார்கள்: உனக்கு வேண்டுமா? அவர் ‘வேண்டும்’ என்றால் முன்னுரிமை அவருக்கே. கேட்டவர் மறுபடி அவர் வயலிலேயே கூலிக்குப் போக வேண்டும். குடிசை இருந்த சேரி நத்தமும் மிராசுதாருடையதாகவே சொல்லப்பட்டது. கூலி உயர்த்திக் கேட்டால் வீட்டைக் காலி செய் என்று மிரட்டலாம். பொறுப்பு ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு இதைத்தான் விவரித்தது. நிலமில்லாமை தானாக வந்ததல்ல, கேட்கும்போதெல்லாம் மறுக்கப்பட்டதால் வந்தது.

வீட்டடி மண் சொந்தமாக இன்னும் நீண்ட காலம் ஆனது. விவசாயத் தொழிலாளர்கள் மிராசுதார் மனையில் குடியிருந்த இடத்தை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் கீழ்வெண்மணி எரிந்தது.

டிரமன்ஹீர் குறிப்பைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணைப்படி வந்ததே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் இழப்பீடு இல்லாமல் அரசு திரும்ப எடுக்கலாம். நம்மிடம் விற்க மறுத்த ஊரில், நம்மைத் தவிர யாரும் வாங்க முடியாத மண்!

அது எப்படிக் கைமாறியது? நாம் விற்பவராக நின்றபோது மறுக்கும் வசதி நமக்கு இல்லை. பஞ்சம், கல்யாணம், மருத்துவச் செலவு என்று வாங்கிய கைமாத்து, வெற்றுத்தாளில் கைநாட்டு. பிறகு 1980களின் யூ.டி.ஆர். பதிவில் பல ஊர்களில் அனுபோகத்தில் இருந்தவர் பெயரே பட்டாவில் ஏறியது. மீட்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்குக் காரணை சாட்சி. 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள்.

படித்து வேலைக்குப் போனால் இது மாறும் என்பவர்களுக்கு 1917 பரோடா. வெளிநாட்டில் படித்து வந்த அம்பேத்கர், தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் விரட்டப்பட்டார். இந்து நண்பரிடம் போனார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். கிறித்தவ நண்பர், மனைவி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்றைக்குத் தரகர் சொல்வதும் இதேதான், சொல்கூட மாறவில்லை.

சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவு: எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதையோ வாங்குவதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அது தீண்டாமையால் நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. ஆனால் “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்பதை எந்தக் காவல் நிலையத்தில் எழுதித் தருவது? இன்னொரு பக்கம், பார்சிகளுக்கு மட்டுமே என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்க விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, கறுப்பர்களுக்கு விற்கக்கூடாது என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948லேயே சொல்லிவிட்டது. தாட்கோவின் நிலம் வாங்கும் திட்டத்திலும் ஒரு முடிச்சு உண்டு: விற்பவர் ஆதிதிராவிடர் அல்லாதவராக இருக்க வேண்டும். மானியம் அரசு தரும். மனம் வைக்க வேண்டியது அவர்.

ஆகவே விலை பேசப் போகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வாய்வார்த்தையாக விலை பேசி முடித்தாலும், அதைவிடக் கூடுதலாகக் கேட்பவரிடம் அவர் விற்றுவிடலாம். பேசியதை நிரூபிப்பது உங்கள் பாடு. வெள்ளைத்தாளில் எழுதி அட்வான்ஸ் கொடுப்பது நம் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் கிரயத் தேதியை எழுதுங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். தேதி இல்லையென்றால், அவர் கிரயம் செய்ய மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அவர் இழுத்தடிப்பது பெரும்பாலும் இந்தக் கெடு முடியட்டும் என்றுதான். ஒப்பந்தம் மட்டும் கையில் இருந்தால் மண் உங்களுடையது ஆகாது, கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும்.

வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் எல்லோரும் பார்ப்பார்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டை யாரும் கேட்பதில்லை. அந்தப் புல எண்ணுக்கு எதிரே டி.சி. நிலம் அல்லது நிபந்தனை ஒப்படை என்று இருந்தால், மற்றவர் பெயரில் இன்றைக்கு எத்தனை அழகான பட்டா இருந்தாலும் அந்த விற்பனை நிற்காது. நீங்கள் எஸ்சி என்பதால் உங்களுக்குச் செல்லும் என்று புரோக்கர் சொல்வார், நம்பாதீர்கள். விற்பவரிடம் இல்லாத உரிமை உங்களுக்கு வராது. வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, புல எண்ணைக் குறிப்பிட்டு அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். முப்பது நாள் ஆகும். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நகலில் ‘டி.சி.’ என்று இருந்தால் மனையை விட்டுவிட்டு, அந்த நிலம் முதலில் யாருக்கு ஒப்படைக்கப்பட்டதோ அந்தக் குடும்பத்தைத் தேடுங்கள்.