கட்டியங்காரன்

எங்கள் ஊர் மானாம்பதி, உத்திரமேரூர் வட்டாரத்தில் இருக்கிறது. கூத்துக்குப் பெயர்போன புரிசையும் அப்படியொன்றும் அதிக தூரமில்லை. ஆகையால் தெருக்கூத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் பாடம் நடத்திவிட முடியாது.

1990களில் கேபிள் டெலிவிஷன் எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அதில் என் தாத்தாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்க மல்யுத்தம். இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் வர்ணனை செய்கிறவரின் குரல் ஏறினால் தாத்தா நிமிர்வார். இறங்கினால் வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்.

நான் அப்போது இரண்டெழுத்துப் படித்த பையன். சும்மா இருப்பேனா? "தாத்தா, இதெல்லாம் பொய். யார் ஜயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்கிறார்கள்" என்றேன்.

தாத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "படுகளத்திலே துரியோதனன் சாவப் போறான்னு எனக்குத் தெரியாதாடா? அதுக்காக வருசா வருசம் போவாம இருக்கேனா? கட்டியங்காரன் சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்" என்றார்.

அன்று சிரித்தேன். பிற்காலத்தில்தான் அந்தப் பேச்சுக்குச் சாட்சியாக ஒரு மனிதரைத் தெரிந்துகொண்டேன். அவர் பெயர் கார்டன் சோலி.

அந்த நாளைய அமெரிக்கா, மல்யுத்த விஷயத்தில் நம் பாளையப்பட்டுகளைப் போலப் பிரிந்து கிடந்தது. வட்டாரத்துக்கு ஒரு முதலாளி. வாரம் ஒரு தடவை உள்ளூர் டெலிவிஷனில் பந்தயம் காட்டுவார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வரவேண்டும். வரவழைக்கிற பொறுப்பு வர்ணனையாளர் தலையில்.

1929-இல் மின்னியாபொலிஸ் நகரில் பிறந்த சோலி, 1950 வாக்கில் புளோரிடா மாகாணத்து டாம்பா நகருக்கு வந்தார். வானொலியில் பேசினார், மோட்டார்ப் பந்தயங்களில் பேசினார், மல்யுத்த மேடையில் பெயர் சொல்லி அழைக்கும் வேலையும் பார்த்தார். 1960 முதல் 1987 வரை புளோரிடா மல்யுத்த டெலிவிஷனுக்கு அவர்தான் குரல்.

அவர் கத்தவில்லை என்பதுதான் விசேஷம். ஒவ்வொரு பிடியின் பெயரையும் மல்லர்களிடமே கேட்டுக் கற்றார். எந்தப் பிடி எந்த எலும்பை, எந்தத் தசையை வருத்தும் என்று வைத்தியரைப் போல நிதானமாகச் சொல்வார். இரத்தம் வழியும் முகத்தைச் 'செங்குருதி முகமூடி' என்பார். பார்க்கிறவன் மனத்தில் ஒரு எண்ணம் எழும்: 'இவ்வளவு அமரிக்கையான மனிதர் பொய் சொல்வாரா?'

பொய்தான் சொன்னாரா? முடிவு முன்னேற்பாடு, அதில் சந்தேகமில்லை. 1989-இல் பெரிய மல்யுத்தக் கம்பெனியொன்றே நியூ ஜெர்ஸி மாகாணச் சட்டசபைக்கு 'இது கேளிக்கைதான்' என்று ஒப்புக்கொண்டது; அப்படிச் சொன்னால் விளையாட்டுக்கான கட்டுப்பாடுகளும் வரியும் குறையும் என்பது கணக்கு. ஆனால் விழுகிற உடம்பு நிஜம். முறிகிற எலும்பு நிஜம். சோலி அந்த நிஜத்தைப் பற்றித்தான் பேசினார். முடிவைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

நம் கட்டியங்காரனும் அப்படித்தானே? திரைக்கு முன் நின்று ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுகிறான். வருகிறவர் நேற்று வயலில் நாற்று நட்டவர் என்று நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். படுகளத்தில் கிடக்கும் துரியோதனன் வெறும் மண். பீமன் தொடையில் அடிக்கும்போது மட்டும் எந்தக் கிழவியும் 'மண்தானே' என்று சொல்வதில்லை.

1980களில் ஒரே கம்பெனி தேசம் முழுவதும் கடை விரித்தது. பாளையப்பட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. புளோரிடாவும் 1987-இல் விழுந்தது. குரலால் பிழைத்த சோலிக்குத் தொண்டையில் புற்றுநோய். 1999-இல் குரல் நாண்களை எடுத்துவிட்டார்கள். மறு வருஷம் ஜூலையில் காலமானார். 2008-இல், கடை விரித்த அதே கம்பெனி தன் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. உலகம் இப்படித்தான் கடன் தீர்க்கிறது!

2021-இல் தமிழுக்கும் தெலுங்குக்கும் என்று சோனி நிறுவனம் ஒரு விளையாட்டு அலைவரிசை தொடங்கிற்று. அதில் அமெரிக்க மல்யுத்தமும் தமிழ் பேசியது. ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். 'தாத்தா இருந்திருந்தால்' என்று நினைத்தேன். உடனே வேறொன்றும் நினைவுக்கு வந்தது.

நான் பொய் என்று சொன்ன அந்த நாளுக்குப் பிறகு, நான் வீட்டில் இருக்கும்போது தாத்தா மல்யுத்தம் பார்த்ததே இல்லை. நான் பள்ளிக்கூடம் போன பிறகு பார்ப்பார் என்று பாட்டி சொல்வாள். கூத்து நடக்கையில் குறுக்கே எழுந்து நிற்கிற ஆளைக் கட்டியங்காரன் கேலி செய்து உட்கார வைப்பான். தாத்தா என்னைக் கேலி செய்யவில்லை. திரையைத்தான் இழுத்து மூடிக்கொண்டார்.